மார்பக இம்ப்ளான்ட்டும் புற்றுநோய் பயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இம்ப்ளான்ட் (மார்பகத்தைப் பெரிதாக்கவோ மறுபடி அமைக்கவோ உள்ளே பொருத்தும் சிலிகான் பை) வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்கள், பல வருடங்களுக்கு முன்பே வைத்துக்கொண்டவர்கள், புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்துவிட்டுச் சீரமைப்புக்குக் காத்திருப்பவர்கள் என மூன்று தரப்பினரின் கேள்விகளும் இங்கே கலந்து வருகின்றன. இவற்றை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கப் பலருக்கும் கூச்சம். கேட்டாலும் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் குலைநடுங்க வைக்கின்றன. இரண்டுமே அந்தப் பெண்ணுக்கு உதவுவதில்லை.

இம்ப்ளான்ட் வைத்தால் மார்பகப் புற்றுநோய் வருமா?

அதனால் வருவதில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் தயக்கமில்லாமல் பதில் சொல்ல முடியும். ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளில், அழகுக்காக இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட ஆயிரக்கணக்கான பெண்களைப் பல ஆண்டுகள் விடாமல் கவனித்துவந்தார்கள். மற்ற பெண்களைவிட அவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வரவில்லை. பல ஆய்வுகளில் சற்றுக் குறைவாகவே இருந்தது. அதை வைத்து, இம்ப்ளான்ட் நம்மைக் காக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். இந்த அறுவை சிகிச்சையை நாடுபவர்களில் பலருக்கு மார்பகத் திசு இயல்பிலேயே குறைவாக இருக்கும். எண்ணிக்கை குறைந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் 1999-ல் இதைப் பரிசீலித்தது. சிலிகான் மார்பக இம்ப்ளான்ட் மார்பகப் புற்றுநோயை உண்டாக்குவதில்லை என்ற பக்கமே சான்றுகள் சாய்கின்றன என்று அது எழுதியது. எலிகளின் தோலுக்கடியில் பிளாஸ்டிக் வில்லைகளை வைத்தபோது கட்டி வந்ததே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், அது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். வழவழப்பான எந்தப் பொருளை வைத்தாலும் எலிகளுக்கு அப்படி வந்தது. மனிதர்களிடம் அது போன்ற விளைவு மார்பகப் புற்றுநோயாகத் தெரியவரவில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. இம்ப்ளான்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மார்பகப் புற்றுநோய் பெண்களுக்குப் பரவலாக வரும் நோய். இம்ப்ளான்ட் அதைக் கூட்டவில்லை என்பதால், பரிசோதனையை விட்டுவிடலாம் என்று ஆகாது.

பிறகு ஏன் "இம்ப்ளான்ட்டால் புற்றுநோய்" என்று செய்தி வருகிறது?

அந்தச் செய்தியும் பொய்யில்லை. அது வேறொரு புற்றுநோயைப் பற்றியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பயமும், பாதி அலட்சியமும் பிறக்கின்றன.

உடலுக்குள் எந்த அந்நியப் பொருள் போனாலும் அதைச் சுற்றி உடல் ஒரு வடுத்திசு உறையைக் கட்டிக்கொள்ளும். இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் அப்படி ஓர் உறை எல்லோருக்கும் உருவாகும், அது நோயல்ல. அந்த உறையிலும், உறைக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் இடையில் ஊறும் நீரிலும் உள்ள நோய் எதிர்ப்புச் செல்கள், குறிப்பாக டி செல்கள், அரிதாகச் சிலருக்குப் புற்றாக மாறுகின்றன. இது நிணநீர்ப் புற்றுநோய் வகையைச் சேர்ந்தது. அதாவது ஒரு லிம்போமா. பால் சுரப்பியிலோ பால் நாளத்திலோ தொடங்கும் வழக்கமான மார்பகப் புற்றுநோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. மருத்துவர்கள் இதை பி.ஐ.ஏ-ஏ.எல்.சி.எல். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, "இம்ப்ளான்ட் லிம்போமா" என்று கேட்டாலே மருத்துவருக்குப் புரியும்.

முதல் நோயாளியைப் பற்றி மருத்துவ இதழில் 1997-ல் எழுதினார்கள். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2011-ல் முதன்முறையாகப் பொது எச்சரிக்கை விடுத்தது. உலகச் சுகாதார நிறுவனம் இதைத் தனி நோயாக ஏற்றது 2016-ல். சிலிகான் இம்ப்ளான்ட் முதன்முதலில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது 1962-ல் என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு தாமதமாக இதைக் கண்டுகொண்டதற்கு நோய் அரிது என்பது மட்டும் காரணமில்லை. எந்தப் பெண்ணுக்கு எந்தச் சாதனம் பொருத்தப்பட்டது, பின்னால் அவருக்கு என்ன ஆயிற்று என்று பதிவேடு வைத்துத் தொடர்ந்த நாடுகள் மிகக் குறைவு. என் பார்வையில் இந்த வரலாற்றில் மிகவும் வருத்தப்பட வேண்டிய பகுதி இதுதான்.

எல்லா இம்ப்ளான்ட்டுக்கும் இந்த ஆபத்து உண்டா?

இல்லை. உள்ளே இருப்பது சிலிகான் ஜெல்லா, உப்புநீரா என்பது இங்கே முக்கியமில்லை. வெளி ஓடு வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்பதுதான் கேள்வி. பதிவான நோயாளிகளில், முழு விவரம் தெரிந்தவர்களைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லோருமே ஏதோ ஒரு கட்டத்தில் சொரசொரப்பான இம்ப்ளான்ட் வைத்திருந்தவர்கள். இப்போது வழவழப்பானது வைத்திருக்கும் ஒருவர் அதற்கு முன்பு சொரசொரப்பானது வைத்திருந்தால், அந்தப் பழைய வரலாற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

சொரசொரப்பாக ஏன் செய்தார்கள்? நல்ல நோக்கத்தில்தான். வழவழப்பான ஓட்டைச் சுற்றி வரும் வடு உறை சிலருக்கு இறுகிக் கல்போல் ஆகிவிடும். பரப்பு கரடுமுரடாக இருந்தால் அந்த இறுக்கம் குறையும் என்று கண்டார்கள். கண்ணீர்த்துளி வடிவ இம்ப்ளான்ட் உள்ளே திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ளவும் அந்தச் சொரசொரப்பு உதவியது. ஒரு சிக்கலைத் தீர்க்கச் செய்த ஏற்பாடு, பல வருடங்கள் கழித்து இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது.

சொரசொரப்பு எப்படிப் புற்றுக்கு வழிவிடுகிறது என்பதற்கு இன்னும் ஒரே விடை கிடைக்கவில்லை. பள்ளங்களில் பாக்டீரியாக்கள் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்வது, பரப்பு திசுவோடு உரசிக்கொண்டே இருப்பது, அதிலிருந்து நுண்துகள்கள் உதிர்வது என்று பல கருதுகோள்கள் இருக்கின்றன. எல்லாமே முடிவில் ஒரே இடத்துக்கு வருகின்றன: வருடக்கணக்கில் அடங்காத அழற்சி, அதனால் ஓயாமல் தூண்டப்படும் டி செல்கள், அந்தச் செல்களில் சேரும் மரபணுப் பிழைகள்.

எத்தனை பேருக்கு வரும்?

ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. எந்த வகைச் சொரசொரப்பு, எத்தனை வருடம் உள்ளே இருந்தது என்பதைப் பொறுத்து எண் பெரிதும் மாறும். நெதர்லாந்தில் நாடு முழுவதும் திசுப் பரிசோதனைப் பதிவு உண்டு. அதை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு, இம்ப்ளான்ட் வைத்திருக்கும் பெண்களில் 50 வயதுக்குள் 35,000 பேரில் ஒருவருக்கும், 70 வயதுக்குள் 12,000 பேரில் ஒருவருக்கும், 75 வயதுக்குள் 7,000 பேரில் ஒருவருக்கும் இது வரலாம் என்று கணக்கிட்டது. ஆனால் நியூயார்க்கின் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், பரப்பு மிகவும் கரடுமுரடான இம்ப்ளான்ட்டுகளால் மார்பகச் சீரமைப்புச் செய்துகொண்ட பெண்களை நீண்ட காலம் விடாமல் தொடர்ந்தபோது, ஏறத்தாழ 355 பேரில் ஒருவருக்கு வந்திருந்தது தெரிந்தது. இந்த ஆய்வு 2020-ல் வெளியானது.

இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். "லட்சத்தில் ஒருவருக்கு" என்று யாராவது உங்களைச் சமாதானப்படுத்தினால், எந்த வகை இம்ப்ளான்ட்டைச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

திரும்பப் பெறப்பட்டவை எவை?

அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பான பரப்பு கொண்டவை. பிரான்ஸ் 2019 ஏப்ரலில் கரடுமுரடு அதிகமான வகைகளுக்கும் பாலியூரித்தேன் பூசியவற்றுக்கும் தடை விதித்தது. அதே ஆண்டு ஜூலை 24 அன்று எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதன்பேரில் அலர்கன் பயோசெல் இம்ப்ளான்ட்டுகளையும், சீரமைப்புக்கு முன் தோலை விரிக்கப் பயன்படும் அதே பரப்புள்ள எக்ஸ்பாண்டர்களையும் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அப்போது எஃப்.டி.ஏ.விடம் இருந்த கணக்கு: உலக அளவில் 573 நோயாளிகள், 33 மரணங்கள். அந்த 573 பேரில் 481 பேரின் இம்ப்ளான்ட் அலர்கனுடையது. 2022-க்குள் பதிவான நோயாளிகள் 1,100-ஐத் தாண்டினார்கள்.

"திரும்பப் பெறுதல்" என்றால் விற்காமல் கிடந்தவற்றைத் திரும்ப வாங்குவது. பெண்களின் உடலில் ஏற்கெனவே இருப்பவற்றை எடுக்கச் சொல்வது அதன் பொருள் அல்ல. இதைச் சரியாக விளக்காததால் அந்த ஆண்டு பல பெண்கள் பதறிப்போனார்கள்.

எனக்கு இருப்பது பயோசெல்தான். எந்தத் தொந்தரவும் இல்லை. எடுத்துவிடட்டுமா?

தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டியதில்லை என்பதே எஃப்.டி.ஏ. உள்ளிட்ட அமைப்புகளின் நிலைப்பாடு. எடுப்பதும் ஓர் அறுவை சிகிச்சை. மயக்க மருந்து, இரத்தக்கசிவு, தொற்று என அதற்கும் ஆபத்துகள் உண்டு. உறை முழுவதையும் விலா எலும்பை ஒட்டிச் சுரண்டி எடுக்கும்போது நுரையீரலைச் சுற்றியுள்ள இடத்தில் காற்று புகும் வாய்ப்பும் சிறிதளவு உண்டு. தவிர, எடுத்துவிட்டாலும் ஆபத்து பூஜ்ஜியம் ஆகிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஆனால் இதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. "தினமும் இதை நினைத்தே தூக்கம் போகிறது" என்று ஒரு பெண் சொன்னால், அதற்கும் மருத்துவத்தில் எடை உண்டு. உங்கள் வயது, இம்ப்ளான்ட் வைத்து எத்தனை வருடம், வேறு காரணத்துக்காக மாற்ற வேண்டியிருக்கிறதா என்பதையெல்லாம் சேர்த்துப் பேசி முடிவெடுங்கள். எடுப்பது என்று முடிவானால், கழற்றிய இடத்தில் மறுபடியும் சொரசொரப்பானதைப் பொருத்த ஒப்புக்கொள்ளாதீர்கள்.

என்ன அறிகுறி வந்தால் போக வேண்டும்?

ஒரு பக்க மார்பகம் திடீரென்று வீங்குவது. மிகவும் பொதுவான அறிகுறி இதுதான். அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பிறகு, பெரும்பாலும் 7 முதல் 10 வருடங்கள் கழித்து, காரணமே இல்லாமல் ஒரு பக்கம் பெரிதாகும். உள்ளே இம்ப்ளான்ட்டைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கும். சிலருக்கு வலி, சிலருக்குக் கையில் தட்டுப்படும் கட்டி, சிலருக்கு அக்குளில் நெறி, அரிதாகத் தோலில் தடிப்பு.

அறுவை சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் வரும் வீக்கத்தை இதோடு சேர்க்க வேண்டாம். அது எல்லோருக்கும் வருவது, வடிந்துவிடும். வருடங்கள் கழித்து வருவதுதான் கவனிக்க வேண்டியது. அப்படி வந்தால் "எங்கோ இடித்துக்கொண்டேன் போலிருக்கிறது" என்று மாதக்கணக்கில் இருந்துவிடாதீர்கள். இப்படி நீர் சேர்பவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்று இருக்காது. இருந்தாலும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். நீர் இருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். கவனம் தேவைப்படும் இடம் இதுதான். நீரை வழக்கமான செல் பரிசோதனைக்கு மட்டும் அனுப்பினால் இந்தப் புற்று கண்ணில் படாமல் போகலாம். "இம்ப்ளான்ட் லிம்போமா சந்தேகம்" என்று சீட்டில் எழுதி, இந்தப் புற்றுச் செல்களின் மேல் காணப்படும் சி.டி.30 என்ற குறிப்பான் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். நீரை உறிஞ்சியதும் வீக்கம் வடிந்துவிடும், ஆளும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நீரைச் சோதிக்காமல் கொட்டிவிட்டால், சில மாதங்களில் வீக்கம் திரும்ப வரும்போது நோய் ஒரு படி முன்னேறியிருக்கக்கூடும். எடுத்த நீர் முழுவதும் ஆய்வகத்துக்குப் போகிறதா என்று நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) இந்த நோயைக் கண்டுபிடிக்க ஏற்றதல்ல. கட்டி இருந்தால் எம்.ஆர்.ஐ. உதவும். நோய் உறுதியானால் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன்.

வந்துவிட்டால் குணமாகுமா?

பெரும்பாலானவர்களுக்குக் குணமாகும். நோய் உறைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால், இம்ப்ளான்ட்டையும் அதைச் சுற்றிய உறையையும் மிச்சமில்லாமல் எடுத்துவிடுவதே பலருக்கும் போதுமான சிகிச்சை. கீமோ தேவைப்படாது. உறையில் கொஞ்சத்தை விட்டுவைத்தவர்களைவிட முழுவதும் எடுத்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்பதை 87 நோயாளிகளைப் பற்றி 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்களின் விகிதம் 89 சதவீதம். மறுபக்க இம்ப்ளான்ட்டையும் எடுத்துவிடுவதே நல்லது. சிலருக்கு அங்கேயும் நோய் இருந்திருக்கிறது.

கட்டியாக வளர்ந்துவிட்டால், நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டால், மருந்து சிகிச்சை சேரும். சி.டி.30-ஐக் குறிவைத்துத் தாக்கும் பிரென்டக்சிமாப் வெடோடின் என்ற மருந்து இங்கே முக்கியமானது. சிகிச்சையை அறுவை மருத்துவர் தனியாக முடிவு செய்யக் கூடாது. லிம்போமாவைக் கையாளும் புற்றுநோய் மருத்துவரும் உடன் இருக்க வேண்டும்.

லிம்போமா தவிர வேறு புற்றுநோய் உண்டா?

மிக மிக அரிதாக உண்டு. வடு உறையில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோயும், வேறு சில லிம்போமாக்களும் வந்ததாக 2022 செப்டம்பரில் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. 2023 மார்ச்சில் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருந்த ஸ்குவாமஸ் நோயாளிகள் உலகம் முழுவதற்கும் 19 பேர்தான். இவை வழவழப்பானவற்றிலும் வந்திருக்கின்றன என்பதால் சொல்கிறேன். "எனக்கு இருப்பது வழவழப்பானது, எனக்கென்ன" என்று வருடங்கள் கழித்து வரும் வீக்கத்தை யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

மேமோகிராம் எடுத்தால் இம்ப்ளான்ட் உடைந்துவிடாதா?

உடைவது அரிது. அந்தப் பயத்தில் மேமோகிராமையே தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து.

உண்மையான சிக்கல் வேறு. எக்ஸ்ரேயில் இம்ப்ளான்ட் வெள்ளையாகத் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் திசு மறைந்துபோகும். அமெரிக்காவில் 2004-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், அறிகுறி இல்லாத, இம்ப்ளான்ட்டும் இல்லாத பெண்களிடம் இருந்த மார்பகப் புற்றுநோயை மேமோகிராம் 66.8 சதவீதம் கண்டுபிடித்தது. இம்ப்ளான்ட் வைத்தவர்களிடம் அது 45 சதவீதமாகக் குறைந்தது. இதைச் சமாளிக்க ஒரு முறை இருக்கிறது. எக்லண்ட் முறை என்பார்கள். இம்ப்ளான்ட்டை மெதுவாகப் பின்னே தள்ளி, மார்பகத் திசுவை மட்டும் முன்னே இழுத்துப் படம் எடுப்பார்கள். அதனால் வழக்கமான நான்கு படங்களுக்குப் பதில் எட்டுப் படங்கள் வரும். நேரமும் கொஞ்சம் கூடும். அப்பாயிண்ட்மென்ட் வாங்கும்போதே இம்ப்ளான்ட் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். படம் எடுப்பவரிடமும் மறுபடி சொல்லுங்கள்.

இம்ப்ளான்ட் மார்புத் தசைக்கு அடியில் இருந்தால் மறைவது குறையும். இதை அறுவை சிகிச்சைக்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது. புற்றுநோய்க்காக மார்பகம் முழுவதும் எடுத்து, அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு அந்தப் பக்கத்தில் வழக்கமான மேமோகிராம் பொதுவாகத் தேவைப்படாது. மறுபக்கத்துக்குத் தேவை.

உள்ளே உடைந்து சிலிகான் கசிந்தால் புற்றுநோய் வருமா?

கசிவால் புற்றுநோய் வருவதாகச் சான்று இல்லை. ஆனால் கசிவை அப்படியே விட்டுவிடவும் கூடாது. உப்புநீர் இம்ப்ளான்ட் உடைந்தால் நீர் உடம்பில் கலந்து, மார்பகம் சில நாட்களில் சுருங்கிவிடும், கண்ணுக்கே தெரியும். சிலிகான் ஜெல் அப்படி இல்லை. உடைந்தாலும் பெரும்பாலும் உறைக்குள்ளேயே தங்கிவிடும், பெண்ணுக்கு எதுவும் தெரியாது. உறையைத் தாண்டினால் அக்குள் நெறிகளில் சேரும். கையில் தட்டுப்பட்டதும் புற்றுநோயோ என்று பதற வைக்கும். ஸ்கேன் பார்த்தால் சிலிகான் என்று தெரியும்.

சத்தமில்லாத உடைப்பைக் கண்டுபிடிக்க, சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட் வைத்து 5-6 ஆண்டுகளில் ஒருமுறை, பிறகு 2-3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்பது எஃப்.டி.ஏ.வின் 2020-ம் ஆண்டு அறிவுரை. எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவைச் சொல்பவர்கள், அதற்குப் பிறகு வாழ்நாளெல்லாம் வரப்போகும் இந்தச் செலவைச் சொல்வதில்லை.

ஒருமுறை வைத்தால் ஆயுளுக்கும் போதுமா?

போதாது. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர்வரை 8 முதல் 10 ஆண்டுகளுக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டிவருகிறது. உறை இறுகுவதும் உடைப்பும் இடம் நகர்வதும் முக்கியக் காரணங்கள். இருபத்தைந்து வயதில் வைத்துக்கொள்பவர், வாழ்நாளில் இன்னும் ஓரிரு ஆபரேஷன் இருக்கும் என்று எடுத்துக்கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

பிரான்சில் ஒரு கம்பெனி ஏமாற்றியதாகச் சொல்கிறார்களே?

பி.ஐ.பி. என்ற நிறுவனம். மருத்துவத் தரச் சிலிகானுக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளுக்கான மலிவுச் சிலிகானை நிரப்பி விற்றது. 2010-ல் பிடிபட்டது. உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பெண்களுக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. பிரான்ஸ் அரசு 2011 டிசம்பரில் சுமார் 30,000 பெண்களை அவற்றை எடுத்துவிடுமாறு அறிவுறுத்தியது. நிறுவனர் ழான்-குளோது மாஸுக்கு 2013-ல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த இம்ப்ளான்ட்டுகள் மற்றவற்றைவிட அதிகமாக உடைந்தன. புற்றுநோயை அதிகரித்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. அதனால் குற்றம் சிறிதாகிவிடாது.

எப்போதும் சோர்வு, மூட்டு வலி, மறதி. இம்ப்ளான்ட்டால்தானா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இப்படிப் பல அறிகுறிகளைச் சேர்த்து "இம்ப்ளான்ட் நோய்" என்று பெண்களே பெயரிட்டார்கள். இதை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது.

இதற்குப் பழைய வரலாறு உண்டு. 1992-ல் எஃப்.டி.ஏ. சிலிகான் ஜெல் இம்ப்ளான்ட்டுகளை அழகுக்காகப் பயன்படுத்துவதை நிறுத்தியது. வழக்குகள் குவிந்து, இம்ப்ளான்ட் தயாரித்த டவ் கார்னிங் நிறுவனம் 1995-ல் திவால் பாதுகாப்புக் கேட்டது. 1999-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பு எல்லா ஆய்வுகளையும் அலசி, மூட்டு மற்றும் தோலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்கள் சிலிகானால் வருவதற்குச் சான்று இல்லை, உறை இறுக்கமும் உடைப்பும் மறு அறுவை சிகிச்சையுமே உண்மையான பிரச்சினைகள் என்றது. 2006-ல் ஜெல் இம்ப்ளான்ட் மறுபடி அனுமதிக்கப்பட்டது.

அத்தோடு முடிந்தது என்று எண்ணி, பல மருத்துவர்கள் பெண்களின் பேச்சைக் காதில் வாங்காமல் விட்டார்கள். இம்ப்ளான்ட்டை எடுத்தபின் தங்கள் உடல்நிலை தேறியது என்று ஏராளமான பெண்கள் சொல்கிறார்கள். அண்மை ஆய்வுகளும் அதைப் பதிவு செய்திருக்கின்றன. உறையை முழுதாக எடுத்தவர்களும், கொஞ்சம் எடுத்தவர்களும், எடுக்காமலே விட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள். எனவே புற்றுநோய்ச் சந்தேகம் இல்லாதபோது "உறையோடு மொத்தமாகப் பெயர்த்து எடுத்தால்தான் குணமாகும்" என்று பெரிய அறுவை சிகிச்சைக்கு வற்புறுத்துபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். தைராய்டு, இரத்தசோகை, மாதவிடாய் நிற்கும் பருவம், மனச்சோர்வு ஆகியவற்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர் வைத்துக்கொள்ளலாமா? நோய் திரும்பாதா?

இம்ப்ளான்ட்டால் நோய் திரும்புவது கூடுவதில்லை. இங்கே யோசிக்க வேண்டியது கதிர்வீச்சைப் பற்றி. கதிர்வீச்சு பட்ட இடத்தில் உறை இறுகுவதும், காயம் ஆறாமல் போவதும், இம்ப்ளான்ட்டை எடுக்க வேண்டிவருவதும் கணிசமாகக் கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டு மார்பகத்தை அமைக்கும் முறை பொருந்தலாம். அது பெரிய அறுவை சிகிச்சை, நீண்ட நேரம் பிடிக்கும், ஆனால் அந்நியப் பொருள் உள்ளே இருக்காது. எதுவுமே வேண்டாம், தட்டையாகவே இருந்துவிடுகிறேன் என்பதும் முழுமையான முடிவுதான். அதைச் சொல்லும் பெண்ணிடம் யாரும் காரணம் கேட்கத் தேவையில்லை.

குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் உண்டு. எனக்கு வேறு விதியா?

மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இம்ப்ளான்ட் லிம்போமா சற்றுக் கூடுதலாக வரலாம் என்று சில ஆய்வுகள் சுட்டுகின்றன. ஆகவே அவர்கள் சொரசொரப்பானதைத் தவிர்ப்பது நல்லது. அழகுக்காக மட்டும் செய்துகொள்பவர் என்றால், அறுவை சிகிச்சைக்கு முன்பே அந்த வயதுக்குரிய மேமோகிராமோ ஸ்கேனோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். இம்ப்ளான்ட் வைத்த தாய்மாரின் பாலில், சிலிகானில் அடங்கிய சிலிக்கான் என்ற தனிமத்தின் அளவு மற்ற தாய்மாரின் பாலைவிடக் கூடுதலாக இல்லை. பசும்பாலிலும் டப்பாப் பாலிலும் அதைவிட அதிகம் இருந்தது. காம்பைச் சுற்றி வெட்டிச் செய்த அறுவை சிகிச்சை என்றால் பால் குறையலாம்.

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்?

வழவழப்பானதா, சொரசொரப்பானதா? எந்த நிறுவனம், எந்த மாடல்? தசைக்கு மேலா, கீழா? எனக்கு ஏன் இந்த வகை? பின்னால் ஸ்கேன்களை யார் பார்ப்பார்கள்? 2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. இம்ப்ளான்ட் பற்றிய விவரக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. அதோடு, மருத்துவரும் பெண்ணும் ஒவ்வொரு ஆபத்தையும் படித்துக் கையெழுத்திடும் ஒரு பட்டியலையும் கொண்டுவந்தது. இது ஆயுளுக்கான சாதனம் அல்ல, லிம்போமா வரலாம், நாளாக ஆகச் சிக்கல்கள் கூடும் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அப்படி ஒரு தாளை உங்கள் முன் வைத்துப் பேசச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஒதுக்க முடியாத மருத்துவரிடம் உடம்பை ஒப்படைக்க அவசரம் எதுவும் இல்லை.

இம்ப்ளான்ட் கார்டு தொலைந்துவிட்டது. எந்த வகை என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் மருத்துவப் பதிவுப் பிரிவுக்குப் பெயர், பிறந்த தேதி, அறுவை சிகிச்சை நடந்த தோராயமான ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்து எழுத்தில் கேளுங்கள். கேட்க வேண்டியது "ஆபரேஷன் குறிப்பு". இம்ப்ளான்ட் பெட்டியிலிருந்த ஸ்டிக்கரைப் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் ஒட்டியிருப்பார்கள். நிறுவனம், மாடல், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். பழைய பதிவுகளைச் சில வருடங்களுக்குப் பிறகு அழித்துவிடும் மருத்துவமனைகள் உண்டு என்பதால் தள்ளிப்போட வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், காப்பீட்டுக் கோரிக்கைத் தாள் ஆகியவற்றிலும் தேடிப் பாருங்கள். கிடைத்ததும் போனில் படமெடுத்து, உங்களுக்கு நெருக்கமான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

எங்கும் கிடைக்கவில்லை என்றால், அடுத்த முறை ஸ்கேன் எடுக்கும்போது மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். பரப்பு எந்த வகை என்று ஸ்கேனில் எப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதுவரை சொரசொரப்பானது இருக்கிறது என்று வைத்துக்கொண்டே மார்பகங்களைக் கவனித்து வாருங்கள். ஒரு பக்கம் வீங்கினால் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.